ஏழாவது ஒயர்

தம்பி வீட்டுக் கதவைத் தட்டும்போதே கரண்ட் அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது. கதவைத் திறந்த தம்பி மனைவியிடம் எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்திருந்த தம்பி மடியிலிருந்து தொழிற்சாலை அனுப்பிய கடிதத்தைப் பிடுங்கினாள்.

அவன் வேலை செய்வது தண்ணீர் பம்ப் தயாரிக்கிற தொழிற்சாலையில். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பெரிய பம்பையும் எட்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்கிற சோதனைக் கூடம் அவன் பொறுப்பு. ஐந்தாவது மணியில், யாரையும் கேட்காமல் சிவப்பு பட்டனை அழுத்திப் பம்பை நிறுத்தியிருக்கிறான். திரும்ப ஓட்டு என்றதற்கு மாட்டேன் என்றிருக்கிறான். வேறு ஆளை வைத்து மிச்ச மூன்று மணி நேரத்தையும் ஓட்டிவிட்டார்கள். பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கருவி பதிந்த கிராஃபிலும் ஒரு குறையும் இல்லை. ஆகவே தற்காலிகப் பணிநீக்கம். அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை, அதற்குப் பிறகு வேலை இருக்குமா என்பது தெரியும். கிராஃபின் நகல் இணைக்கப்பட்டிருக்கிறது.

"எதுக்குடா நிறுத்துன?"

"பேரிங் சூடா இருந்துச்சுக்கா. கை வச்சேன். வைக்க முடியல."

"எத்தனை டிகிரி?"

"அது தெரியாது. கை பொறுக்கல."

"நான் எண்ணைக் கேக்குறேன், நீ கையைச் சொல்ற. இதோ பாரு, நாப்பத்தெட்டு. நாப்பத்தெட்டுல கை என்ன, கன்னத்தை வச்சுத் தூங்கலாம். இதைப் பதிஞ்ச அந்த ரேக்கைக் கட்டினது யாரு? நான். என் ரேக் பொய் சொல்லாது. உன் கைதான் பொய் சொல்லுது."

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். அதில் ஒன்றும் இல்லை. தொட்டதும் எடுத்துவிட்டால் என்ன இருக்கும்?

"அண்ணி, பத்து வருஷத்துல இவரு ஒரு தடவை கூட மெஷினை நிறுத்துனதில்ல," என்றாள் தம்பி மனைவி, கதவோரம் நின்றபடி.

"அதைத்தான் சொல்றேன். ஒரே ஒரு தடவை நிறுத்தினான், அதையும் தப்பா நிறுத்தினான்."

இப்படி ஒரு மணி நேரம் திட்டிவிட்டு, கிராஃப் நகலையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்து அவள் பிறகு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

டயர் கடைக்கு மேல் மாடியில் ஐந்து பேர் வேலை செய்கிற ஒரு சிறிய நிறுவனம் அவளுடையது. அவளுடையது என்பது ஒரு பேச்சுக்கு. முதலாளி வேறு, வேலை அவளுடையது. ஓடுகிற இயந்திரத்தின் சூடு, அழுத்தம், அதிர்வு, வேகம் எல்லாவற்றையும் வினாடிக்கு வினாடி பதிந்து வைக்கிற கருவிகளை, கேட்கிறவர்களின் தேவைக்கேற்பக் கட்டிக் கொடுப்பார்கள். பிள்ளைகள் வீட்டில் விளையாடுகிற சாதாரண மேசைக் கம்ப்யூட்டர்தான் அதன் மூளை. அதைப் பெட்டியிலிருந்து உருவி, ஆள் உயர இரும்பு ரேக்கில் தண்டவாளம் போட்டு ஏற்றி, தூசி போகாமல் வலை அடித்து, அளவெடுக்கிற கார்டைச் செருகி, பின்னால் ஒயர்களை முடுக்க வரிசையாக டெர்மினல் வைத்து, ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் எண் ஒட்டுவாள். ஒட்டிய பிறகு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். மூன்றாவது தடவை இழுத்தால் அது சந்தேகப் புத்தி, ஒரு தடவையோடு விட்டால் அது சோம்பேறித்தனம் என்பது அவள் கணக்கு.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவள் அங்கே சேர்ந்தது டைப் அடிக்க. கருவி ஒன்றை ஒப்படைக்க வேண்டிய நாளன்று டெக்னீஷியன் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போக, முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இவள் விளக்கப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒயரிங்கை முடித்தாள். நடுவில் மின்சாரம் ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. கீழே டயர் கடைக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லிவிட்டு, எழுந்து மிச்சத்தையும் முடித்தாள். அன்றிலிருந்து கரண்ட் அக்கா. தொட்டால் அடிக்கும் என்பது பிற்பாடு மற்றவர்கள் சேர்த்த விளக்கம். அதுவும் உண்மைதான்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு சேனலின், அதாவது சென்சாரிலிருந்து ஒயர் வந்து சேரும் ஒவ்வொரு இடத்தின், குறுக்கேயும் அரிசியைவிடச் சற்றுப் பெரிய ஒரு ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைப்பாள். யாரும் கேட்காதது, வரைபடத்தில் இல்லாதது. காரணம் இதுதான். கார்டுக்குள் அளவெடுக்கிற பகுதி ஒன்றே ஒன்று. அது பதினாறு ஒயர்களையும் வரிசையாகத் தொட்டுத் தொட்டு எழுதிக்கொண்டே போகும். ஏதாவது ஓர் ஒயர் அறுந்துபோனால் அங்கே தொட ஒன்றுமிருக்காது. ஆனால் ஒன்றுமில்லை என்று எழுத அதற்குத் தெரியாது. முந்தின ஒயரில் எடுத்த எண் கையில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதையே அடுத்ததற்கும் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற கதைதான். அந்த ரெசிஸ்டர் இருந்தால் இந்த வேலை நடக்காது. ஒயர் அறுந்த கணமே எண் உச்சிக்கு ஓடும், திரை சிவக்கும், அலாரம் கத்தும், இயந்திரம் தானே நிற்கும்.

"அறுந்தா அறுந்துட்டேன்னு கத்தணும். கமுக்கமா இருக்கக் கூடாது," என்பாள். ரெசிஸ்டரைப் பற்றித்தான் சொன்னாள். வீட்டுக்காரர் மட்டும், அது ரெசிஸ்டரைப் பற்றியா உன்னைப் பற்றியா என்று கேட்டு, அன்று முழுக்கத் திட்டு வாங்கினார்.

தம்பி இதற்கு நேர்மாறு. பக்கத்தில் இருப்பவர் கருத்து எதுவோ அதுதான் அவன் கருத்து. ஓட்டலில் உட்கார்ந்தால் மற்றவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து "எனக்கும் அதே" என்பான். சின்ன வயதில் ரேடியோவை உடைத்தது யார் என்று அப்பா கேட்டபோது, அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் என்ன சொன்னாளோ அதையே சொன்னான். அவள், நான்தான் உடைத்தேன் என்றிருந்தாள். அவனும், அக்காதான் உடைத்தாள் என்றான். உடைத்தவன் அவன். அடி வாங்கியவள் அவள். அவனுக்காக அடி வாங்குவது அவளுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் வாங்கிய அடிக்கெல்லாம் வட்டியும் முதலுமாக அவனைத் திட்டித் தீர்த்துவிடுவாள்.

மறுநாள் வேலையிடத்தில் டீ இடைவேளையின்போது கிராஃப் நகலை மேசையில் விரித்தாள். சாயங்காலம் போய் இன்னொரு சுற்றுத் திட்டுவதற்கு ஆதாரம் வேண்டுமே. ஆறாவது கோடு, மோட்டார் பக்கத்து பேரிங். ஏழாவது கோடு, பம்ப் பக்கத்து பேரிங், தம்பி கை வைத்தது. இரண்டும் சமர்த்தாகக் கிடந்தன, ஏழு ஆறுக்கு ஒரு மயிரிழை கீழே. பத்தரை மணி, பதினொரு மணி. பதினொன்று பத்தில் ஆறாவது கோடு இரண்டு டிகிரி சறுக்கியிருந்தது. கூடத்துப் பெரிய கதவைத் திறந்திருப்பார்கள், காற்று மோட்டார் மேல் அடித்திருக்கும். சரி.

அதே வினாடியில் ஏழாவதும் இரண்டு டிகிரி சறுக்கியிருந்தது.

பம்ப் பக்கத்து பேரிங் இருப்பது கூடத்தின் மறுகோடியில், ஆள் உயர இரும்பு உடம்புக்குப் பின்னால். கதவென்ன, சுவரையே திறந்தாலும் அங்கே காற்றுப் போகாது. அவள் டீயைக் கீழே வைத்தாள். ஸ்கேலை எடுத்து இன்னும் நாலு இடத்தில் வைத்துப் பார்த்தாள். ஆறு ஏறினால் ஏழு ஏறியது, இறங்கினால் இறங்கியது. ஏழாவது ஒயர் அறுந்து கிடக்கிறது. எத்தனை நாளாகவோ.

பிறகு அலாரம் ஏன் கத்தவில்லை என்று கேட்டுக்கொண்ட மறுகணம் கருவிப் பையைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன் தம்பி வந்து நின்றான். "அக்கா, அந்த அலாரம் ஒரு நாளைக்கு நாலு தடவை கத்துது. அதிர்வுல ஒயர் கொஞ்சம் லூஸானாலே பம்ப் நின்னுடுது. திரும்ப முதல் மணியிலேர்ந்து ஓட்ட வேண்டியிருக்கு. மேனேஜர் என் மேல எரிஞ்சு விழறாரு. எல்லாரும் அதை எடுத்துடலாம்னு சொல்றாங்க. நீ எடுத்து விடேன்." வேறு யாராவது கேட்டிருந்தால் அந்த ஆள் மாடிப்படியில் உருண்டிருப்பான். ஒயர் லூஸானால் ஒயரை முடுக்கு, கத்துகிற வாயை ஏன் அடைக்கிறாய் என்று அவளே நூறு பேரிடம் கேட்டவள். கேட்டது தம்பி. விடுமுறை நாளில் ஒயர் வெட்டுகிற கட்டரோடு தொழிற்சாலைக்குப் போனாள். பதினாறு வெட்டு, பத்து நிமிடம். வெட்டியதைக் குப்பையில் போட மனம் வராமல் ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டு, கருவிப் பையின் அடியில் வைத்தாள்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. அலாரம் பற்றிப் புகாரே வருவதில்லை என்று முதலாளிக்குத் தெரிந்ததும், இனிமேல் யாருக்கும் அந்த ரெசிஸ்டரைப் போடாதே என்றார். ஒரு வாரம் கத்தினாள். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டாள். அப்படிப் போனவை ஒன்பது ரேக்குகள். ஊருக்கே எரிந்து விழுகிறவள், கத்த வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தாள். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல ஆத்திரம் வந்தது. நேற்று அவனைத் திட்டிய வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. உன் கைதான் பொய் சொல்லுது.

முதலாளியிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்பவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"அங்க போய் நம்ம ரேக் தப்புன்னு நீங்களே சொன்னா, நாளைக்கு யாரும்மா நம்மகிட்ட வருவாங்க? உங்க தம்பிக்கு வேற வேலை கிடைக்கும். நமக்கு வேற பேரு கிடைக்குமா?"

"பேரு கிடக்கட்டும் சார். கருகின பேரிங்கோட ஒரு பம்ப் கிளம்பப் போகுது. அதுக்குப் பக்கத்துல நாளைக்கு எவனோ ஒருத்தன் நிப்பான்."

"வெள்ளிக்கிழமை உங்களுக்கு இங்க டெலிவரி வேலை இருக்கு."

"இருக்கட்டும். அந்த ஒன்பது ரேக்குக்கும் நான் போய் ரெசிஸ்டர் வைக்கப் போறேன். நாள் குடுத்தா வேலை நாள்ல போறேன். குடுக்கலன்னா ஞாயித்துக்கிழமை போறேன். என்னை வேலைய விட்டு எடுத்தாலும் போறேன்."

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போகும்போது மனப்பாடம் செய்துகொண்டே போனாள். வெட்டினது நான். யாரும் சொல்லல. நானேதான் வெட்டினேன். தம்பி கேட்டான் என்று வாய் தவறி வந்துவிட்டால், ஒரு குழியிலிருந்து தூக்கி இன்னொரு குழியில் போட்ட கதையாகிவிடும். ரேடியோவுக்கு அடி வாங்கியவளுக்கு இது பெரிய விஷயமில்லை. என்றாலும் கோபம் வந்தது. இவனுக்கு நாற்பது வயதாகியும் இவனுக்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே.

விசாரணை நடந்த அறையில் மேலாளர், பேனாவும் கோப்புமாக ஒரு நிர்வாக அதிகாரி அம்மா, எதிரே தலை குனிந்தபடி தம்பி. கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"இது உள் விசாரணை, நீங்க வெளிய இருங்க," என்றார் மேலாளர்.

"என் ரேக்கைச் சாட்சியா வச்சிருக்கீங்க. சாட்சியை ஒரு கேள்வி கூடக் கேக்காம தீர்ப்பு எழுதுவீங்களா? அஞ்சு நிமிஷம் கூடத்துக்கு வாங்க."

அதிகாரி அம்மா எழுந்ததால் மேலாளரும் எழுந்தார், டீ கிளாஸைக் கையில் பிடித்தபடியே. கூடத்தில் ரேக் ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் எதுவும் ஓடவில்லை. சர்ச்சைக்குரிய பம்பை மரப்பெட்டியில் அடைத்து முற்றத்தில் வைத்திருந்தார்கள். திரையில் ஆறாவதும் ஏழாவதும் முப்பத்தொன்று காட்டின. அக்கா மோட்டார் பக்கத்து சென்சாரைக் கழற்றினாள். மேலாளர் கையிலிருந்த டீயைக் கேட்டு வாங்கினாள். கேட்டு வாங்கினாள் என்று சொல்வது மரியாதைக்கு. சென்சாரை டீக்குள் முக்கினாள். ஆறாவது எண் ஏறியது, நாற்பது, ஐம்பது, அறுபது. ஏழாவதும் கூடவே ஏறியது.

"அதுக்கு யாரும் டீ குடுக்கலையே, அது ஏன் ஏறுது?" என்றாள்.

ரேக்கின் பின்னால் போய் ஏழாவது ஒயரை டெர்மினலிலிருந்தே கழற்றி, அதன் முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ஏழாவது என் கையில இருக்கு. திரையில எவ்ளோ காட்டுது, படிங்க."

மேலாளர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "அறுபத்தி மூணு."

"எனக்கென்ன காய்ச்சலா?"

அதிகாரி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, முற்றத்துப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஃபிட்டர் வந்து பேரிங் மூடியைக் கழற்றினார். கிரீஸ் கருகிக் கறுப்புக் கட்டியாக உதிர்ந்தது. பேரிங் வளையம் நீலம் பாரித்திருந்தது. "இது இன்னும் ரெண்டு நாள் ஓடியிருந்தா சிதறியிருக்கும்," என்றார் ஃபிட்டர், யாரையும் பார்க்காமல்.

திரும்ப அறைக்கு வந்ததும் மேலாளர் தெம்பாகிவிட்டார். "அப்ப குறை கருவியில. முழுப் பொறுப்பும் உங்க கம்பெனிதான்."

"கத்துற மாதிரிதான் கட்டிக் குடுத்தேன். அப்புறம் நானே வெட்டினேன்." மிட்டாய் டப்பாவைத் திறந்து மேசையில் கவிழ்த்தாள். கால் வெட்டிய பதினாறு ரெசிஸ்டர்கள் உருண்டன.

அதிகாரி அம்மா பேனாவைத் திறந்தார். "யார் வெட்டச் சொன்னது?"

"யாரும் சொல்ல…"

"நான் சொன்னேன்," என்றான் தம்பி.

"டேய், சும்மா இரு."

"நான்தான் சொன்னேன். அலாரம் அடிச்சா பம்ப் நிக்குதுன்னு சார் திட்டுனாரு. எல்லாரும் எடுத்துடலாம்னாங்க, நானும் ஆமான்னேன். அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்டது நான்தான்."

"நான் எப்பய்யா எடுக்கச் சொன்னேன்?" என்றார் மேலாளர்.

"எடுக்கச் சொல்லல சார். அந்தச் சத்தம் இனிமே என் காதுல விழக் கூடாதுன்னு சொன்னீங்க."

அதிகாரி அம்மாவின் பேனா தம்பி சொன்ன முதல் வாக்கியத்தை வேகமாக எழுதியது. கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது நின்றது. மேலாளர் முகத்தை ஒரு தடவை பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது.

பகல் இரண்டு மணிக்குக் கடிதம் கையில் வந்தது. பம்பை நிறுத்தியது சரி, பணிநீக்கம் ரத்து. பாதுகாப்பு அமைப்பை அகற்றத் தூண்டியது தவறு. கடும் எச்சரிக்கை, சோதனைக் கூடத்திலிருந்து பொருள் கட்டும் பிரிவுக்கு மாற்றம். கை வைத்துப் பார்த்துச் சூட்டைக் கண்டுபிடித்த ஒரே ஆள் இனி ஆணி அடிக்க வேண்டும். சத்தம் காதில் விழக் கூடாது என்றவருக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவர் தன் அறைக்குப் போய் இன்னொரு டீ வரவழைத்துக் குடித்திருப்பார்.

வாசலைத் தாண்டியதுமே அக்கா ஆரம்பித்துவிட்டாள். "யாருடா உன்னை வாயைத் திறக்கச் சொன்னது? நான்தான் சொல்லிட்டிருந்தேன்ல? யாரும் சொல்லலன்னு நான் முடிச்சிருந்தா நீ திங்கக்கிழமை உன் இடத்துல உக்காந்திருப்ப. நாப்பது வருஷமா எனக்கும் அதே எனக்கும் அதேன்னு திரிஞ்சவன், இன்னைக்குத்தானா சொந்தமாப் பேசணும்? அந்தம்மா பேனாவைப் பாத்தியா? உன் பேரை எழுதுச்சு, அந்தாள் பேரை எழுதுச்சா?" பஸ் நிறுத்தம்வரை விடவில்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். தம்பி கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நடந்து வந்தான்.

நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவன் சொன்னான்.

"அக்கா, சூடா இருந்துச்சு. கை வைக்க முடியல."

பத்து நாளாக அவன் சொல்லிக்கொண்டிருந்தது இது ஒன்றைத்தான். வேறு யார் நம்பாவிட்டாலும் நம்பியிருக்க வேண்டியவள் அவள். அவளிடமும் அதைத்தான் சொன்னான். அவள் எண் கேட்டாள்.

"எந்தக் கை?" என்றாள்.

அவன் வலது கையை நீட்டினான். அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் அவள் அதைப் பிடித்துத் திருப்பி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சூடாத்தான்டா இருந்திருக்கு," என்றாள். பஸ் வரும்வரை அந்தக் கையை விடவில்லை.